பூட்டன் காலத்து அண்டா

மனிதரில் பூட்டன் காலத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் இல்லையென்றால் நீங்கள் தெருவில் இறங்கி நடப்பதே இல்லை என்று அர்த்தம்.

அடையாளம் வேண்டுமா? பத்திரிகை வைக்கவோ, அவர் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கேட்கவோ நீங்கள் அவர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். மனிதர் உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் தோளைப் பிடித்து, வீட்டின் கடைசி இருட்டு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், மேலே கிடக்கும் சாக்கை விலக்கி, மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, "இது என்னன்னு தெரியுதா?" என்பார். தெரிகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனிதர் ஒடிந்து போவார்.

ஒருவரிடம் பிடியில்லாத வாள். இன்னொருவரிடம் ஒற்றைச் செருப்பு. "உங்க பூட்டனுக்கு ரெண்டு கால் இருந்திருக்குமே, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இவர்கள் சாமானுக்கு வருஷத்துக்கு ஒரு வயது ஏறாது. பார்க்க வருகிற ஆள் ஒருவருக்குப் பத்து வயது வீதம் ஏறும். அதோடு, அந்தச் சாமானை யாரும் எதற்கும் உபயோகிக்கக் கூடாது. உபயோகித்தால் பெருமை தேய்ந்துவிடுமாம்.

எனக்கு இந்தக் கோளாறு கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஐயா எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு துண்டு, அதுவும் நடுவில் கிழிசல். ஒரு கைத்தராசைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் மிளகாய் வற்றல் வாங்கி விற்று, இன்றைக்கு இரண்டு தீப்பெட்டி ஆபீஸும் ஒரு மாடி வீடுமாக நிற்கிறேன். என் வீட்டில் என்னைவிட மூத்த சாமான் ஒன்று கிடையாது. எல்லாம் எனக்குப் பின்னால் வந்தவை, மரியாதையோடு இருக்கின்றன. அந்தக் கைத்தராசை ஏன் சுவரில் மாட்டி மாலை போட்டிருக்கிறீர் என்பீர்கள். அது வேறு விஷயம்.

இந்த இனத்துக்குத் தலைவர் என்றால் எங்கள் சோலைச்சாமிதான். நாகலாபுரம் பக்கத்து ஆள்; பருத்தி வியாபாரமாக வந்து எங்கள் தெருவில் வீடு கட்டியவர். அவருடைய பொக்கிஷம் ஒரு செப்பு அண்டா. பதினைந்து குடம் தண்ணீர் பிடிக்கும். ஆனால் பிடித்ததில்லை. மூலையில் கவிழ்ந்தே கிடக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் அதில் கஞ்சி காய்ச்சி அவருடைய பூட்டன் ஏழு ஊரைக் காப்பாற்றினாராம். எட்டயபுரம் அரண்மனையிலிருந்து ஆள் விட்டுக் கேட்டும் கொடுக்கவில்லையாம். துலக்கினால் பழமை போய்விடும் என்று புளியைக் கிட்டே கொண்டுவர விடமாட்டார். அண்டா பச்சைப்பசேல் என்று களிம்பேறி, பாசி பிடித்த பாறை மாதிரி இருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்த காலம். கோவில்பட்டியில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையை விசாரிக்கும் முன்னால் குழாயை விசாரித்தார்கள். என் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்கச் சோலைச்சாமி வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். தெருவே குடமும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவருடைய மகள் வேலுத்தாய், தலைப்பிரசவத்துக்கு வந்தவள், நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அவருடைய சம்சாரம் பாலம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கிற கொடம், சட்டி, வாளி எல்லாம் ரொம்பியாச்சு. இன்னைக்கு விட்டா இனிப் பத்து நாளைக்குச் சொட்டுத் தண்ணி கெடையாது. பிள்ளைக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பேறுகால வீட்டுல தண்ணி இல்லாம நான் என்ன செய்ய? அண்டாவை நிமித்துங்க."

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? எங்க பூட்டன் காலத்து அண்டாவுல குழாய்த் தண்ணியா?"

"உங்க பூட்டன் என்ன, பன்னீரா பிடிச்சு வச்சாரு?"

சோலைச்சாமி என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார். "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. நூத்தி அறுவது வருசத்துப் பொருள்."

"போன தைக்கு நூத்தி முப்பதுன்னுல்லா சொன்னீரு?"

"அது அப்ப."

வேலுத்தாய் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "விடும்மா. பெறக்கிற பிள்ளையைப் பூட்டனே வந்து குளிப்பாட்டிட்டுப் போகட்டும்."

வாசலிலிருந்து பக்கத்து வீட்டுப் பத்திரகாளி கத்தினாள்: "யக்கா, குழாயில வேகம் கொறைய ஆரம்பிச்சிட்டு. வரப்போறீங்களா இல்லையா?"

பாலம்மாள் சேலையை வரிந்து செருகினார். அண்டாவை ஒரே புரட்டில் நிமிர்த்தி, முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார். சோலைச்சாமி கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பின்னாலேயே ஓடினார். அதற்குள் புளியும் சாம்பலும் எடுத்து உள்ளும் புறமும் தேய்க்க ஆரம்பித்துவிட்டார் பாலம்மாள். தரையில் பதிந்தே கிடந்த விளிம்பில் களிம்பு கரைந்தது, எழுத்து தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்க எழுத்துக் கூட்டுவீங்கள்லா? இதைச் சத்தமா வாசிங்க," என்றார் பாலம்மாள்.

மூன்றாம் வகுப்பு என்றாலும் என் படிப்பு கெட்டிப் படிப்பு. விரலை வைத்து ஒவ்வொன்றாய் வாசித்தேன். "கடம்பூர் உச்சிமாகாளி மகள் பாலம்மாள் கல்யாணச் சீர். 1954."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் ஒரு கரண்டியைக் கூடப் பெயர் வெட்டாமல் கொடுக்கமாட்டார்கள். சோலைச்சாமி அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பாவம், பொய் சொன்னவர் முகமில்லை அது. சொல்லிச் சொல்லி அவருக்கே மறந்து போயிருக்கிறது.

"இது எங்கய்யா குடுத்த சீர்," என்றார் பாலம்மாள். "அப்ப நான் யாருக்கு வாக்கப்பட்டு வந்தேன்? உங்களுக்கா, உங்க பூட்டனுக்கா?"

வேலுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ, அவளுக்கு இங்கேயே பிரசவமாகிவிடுமோ என்று பயம்.

"இத்தனை வருசமா ஏன் தாயீ வாயைத் திறக்கல?" என்று கேட்டேன்.

"மொதல்ல இவிய ஐயா காலத்ததுன்னு சொன்னாவ. சரி, மாமா பேரு விளங்கட்டும்னு இருந்தேன். அப்புறம் தாத்தா காலத்ததுன்னாவ. பூட்டன் வரைக்கும் போவாவன்னு நான் கண்டேனா?"

அதற்கு மேல் பேச நேரமில்லை. தெருப்பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் குடம் கொண்டுவந்து ஊற்ற, கடைசி இரண்டு குடத்தைச் சோலைச்சாமியே சுமந்து வந்தார். பதினாலாவது குடத்தோடு குழாய் நின்றது. மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். அண்டாத் தண்ணீரில்தான் குளித்தாள். வீடு அதிர அழுதாள்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? வீட்டுக்கு வருகிறவர்களை இப்போது நேராக முற்றத்துக்குக் கூட்டிப்போகிறார். "எங்க மாமனார் சீரு. அவிய பூட்டன் காலத்துச் செம்பை உருக்கி அடிச்சதாக்கும்!" என்கிறார். பாலம்மாள் மறுப்பதில்லை. இந்தத் தடவை அவர் பிறந்த வீட்டுப் பூட்டன் அல்லவா?

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் உங்கள் வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கிறதே, உங்கள் பரம்பரைப் பொருள், அதன் விளிம்பைக் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். வீட்டுக்காரி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தேய்ப்பது உத்தமம்.