பூவாளிக் கிராணியும் என் தலைக்கு மேல் ஒரு பீப்பாயும்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தண்ணீரை அதட்டிப் பணிய வைக்கப் பார்த்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் என் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். அது என் தலையெழுத்து.

ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. செடிக்கு ஊற்றும் பூவாளியின் மூக்கை அறுத்துக் குளியலறைக் குழாயில் மாட்டிய நாளிலிருந்து பூவாளிக் கிராணி என்றால்தான் பாசாரில் மீன் விற்கிறவனுக்கும் தெரியும். பூவாளி இருந்ததே தவிர அதில் தண்ணீர் வரவில்லை. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டு வரிசைக்கு ஒரே இரும்புக் குழாய். எந்தக் காலத்தில் புதைத்ததோ, உள்ளே துரு மண்டிக் கிடந்தது. முன்வீடுகளில் பைப்பைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டும். கடைசி வீடு அவருடையது.

தொட்டியும் சொம்பும் இருக்க இந்த வீம்பு எதற்கு? எல்லாம் அவர் மனைவி மீனாட்சியக்காவுக்காக. பாசி வழுக்கி விழுந்ததில் அக்காவுக்கு வலது தோள் போய்விட்டது. கை மேலே எழும்பாது. இடது கையில் சொம்பைப் பிடித்தால் தலையைத் தேய்க்கக் கை இல்லை. முடியோ இடுப்புக்குக் கீழே. என் மனைவி ஊற்றிவிடப் போனபோது அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

"சோறாக்க ஒருத்தி, சடை பின்ன ஒருத்தி. குளிக்கிறதையாவது நானே குளிச்சுக்கிறேன், விடுங்கலா!"

அன்றைக்கே கிராணி சபதம் போட்டார். "தீபாவளிக்கு நீ தனியா எண்ணெய் தேச்சுத் தலைக்குக் குளிக்கிறே. இல்லேன்னா எனக்கும் தீபாவளி இல்ல."

முதலில் பூவாளியைப் புளிக்கரைசலில் ஊறப் போட்டார். பூவாளி தங்கம் போல மின்னியது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ஆணியால் துளைகளைப் பெரிதாக்கினார். சொட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் பெரிய சொட்டாகச் சொட்டியது. பிறகு சுத்தியலை எடுத்துக் குழாயைத் தெரு நெடுகத் தட்டிக்கொண்டு போனார். உதிர்ந்த துரு எல்லார் வீட்டு உலையிலும் இறங்கி, அன்று வரிசை முழுக்கச் செம்மண் நிறத்தில் சோறு.

"அண்ணே, அக்கா குளிக்கிற நேரத்துக்கு எங்க பைப்பை எல்லாம் மூடிக்கிறோமே" என்றேன்.

"ஒரு பொம்பள குளிக்க ஊரே பைப்பை மூடணுமா? அது பிச்சை, தம்பி. நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்."

அடுத்த வாரம் கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு தேங்காயெண்ணெய்ப் பீப்பாய் வந்தது. தண்ணீரை உயரத்தில் வைத்தால் தானே வேகமாக இறங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் உயரம் என்று அவர் கண்டுபிடித்தது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடிய மர உத்தரம். உத்தரத்துக்கு அந்தப் பக்கம் அவர் குளியலறை, இந்தப் பக்கம் என் கட்டில். பீப்பாயின் விரிசலில் எல்லாம் ரோட்டுத் தாரை உருக்கி அப்பி, அதை மேலே ஏற்றி, பூவாளியைக் குழாயிலிருந்து கழற்றி அதன் அடியில் மாட்டிவிட்டார்.

"அண்ணே, விழுந்துராதா?"

"விழுந்தா என் பக்கந்தான் விழும். சும்மா படு."

எப்படிச் சும்மா படுப்பது? உத்தரம் முனகினால் எழுந்து உட்கார்ந்தேன், முனகாவிட்டால் ஏன் முனகவில்லை என்று உட்கார்ந்தேன். கட்டிலைச் சுவர் சுவராக நகர்த்தியதில் கால் ஆட்டம் கண்டது. "பீப்பாய் விழறதுக்குள்ள கட்டில் விழுந்துரும்" என்றாள் என் மனைவி. நான் பயந்தது போக ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்த அன்று பூவாளி மழையாகக் கொட்டியது. கிராணி சட்டையோடு அதன் கீழே நின்று சிரித்தார்.

தீபாவளி விடிந்தது. எண்ணெய்க் குளியலுக்குப் பச்சைத் தண்ணீரா ஊற்றுவார்கள்? எல்லார் வீட்டு அடுப்பிலும் அண்டா கொதித்தது. கிராணியும் ஏணியில் ஏறி வெந்நீரை வாளி வாளியாகப் பீப்பாயில் கொட்டினார். வெந்நீர் பட்டால் தார் என்ன ஆகும் என்று அவரும் நினைக்கவில்லை, சதா பயந்து சாகிற நானும் நினைக்கவில்லை.

நான் தலை நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலில் மஞ்சள் தடவி வைத்திருந்த புது வேட்டியின் மேல் சொத்தென்று கறுப்பாக ஒன்று விழுந்தது. அடுத்த நிமிஷம் தாரும் தண்ணீருமாகப் பாதி என் கட்டிலில், மீதி சுவரில். அண்ணனாவது தம்பியாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளேயிருந்து மீனாட்சியக்காவின் குரல். "ஏங்க, தண்ணி நின்னுருச்சு! கண்ணெல்லாம் சீயக்கா! எரியுதுங்க!"

கிராணி ஏணியில் பாதியில் நின்றார். "தம்பி, இப்ப என்ன செய்யிறது?" என்றார். அவர் யாரையாவது எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வேட்டி மறந்துவிட்டது.

"பூவாளியப் பழையபடி பைப்புல திருப்பி விடுங்கண்ணே" என்று கத்திவிட்டு, எண்ணெய் வழிய, துண்டோடு தெருவில் ஓடினேன். "பைப்பை மூடுங்க! எல்லாரும் மூடுங்க!"

"நல்ல நாளும் அதுவுமா என்னய்யா இது? எண்ணெய்த் தலையோட நிக்கிறோம்லா!"

"மீனாட்சியக்கா கண்ணுல சீயக்காயோட நிக்கிறாங்க!"

ஒவ்வொரு வீடாகத் தண்ணீர்ச் சத்தம் அடங்கியது. கடைசி வீட்டில் குழாய் இருமியது, துருவைத் துப்பியது, பிறகு சோவென்று கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, குளிருது!" என்று அக்கா கூவினார். பிறகு சிரித்தார். கை போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை. கிராணி படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நாங்கள் ஆண்பிள்ளைகள் எண்ணெய் கண்ணில் இறங்க வாசலில் வரிசையாகக் காத்திருந்தோம். பொறுக்க முடியாமல் யாரோ, "அக்கா, ஆச்சுங்களா?" என்றார்.

"இருங்கப்பா! எனக்கு முடி நீளம்!"

அதன் பிறகு அந்த வரிசையில் தீபாவளிக் குளியல் அக்கா முடித்த பிறகுதான். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. கிராணியும் அதைப் பிச்சை என்று சொல்லவில்லை. சில வருஷம் கழித்துக் கிராணி வேலை மாறி, இருவரும் வேறு ஊர் போய்விட்டார்கள். நானும் வீடு மாறிவிட்டேன். இங்கே குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது. இருந்தாலும் தீபாவளி காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பைப்பைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா குளித்து முடிக்கட்டும்.