தாய்வீட்டு மரபு

வெண்பனி நாட்டில் ஆண்டுக்கு எட்டு மாதம் பனி பெய்தது. ஆணைகள் பன்னிரண்டு மாதமும் பெய்தன. கடல் தாண்டி அங்கே பிழைக்க வந்தவர்களைத் தென்கரையார் என்று அழைத்தார்கள். அவர்களுடைய துயரத்தைக் கேட்க ஒரு குறைதீர் அலுவலகம் இருந்தது. அங்கே அவர்களுடைய மொழி தெரிந்த ஒரே ஆள் மங்களேஸ்வரி; அவளும் தென்கரையாள்தான்.

ஒருநாள் காலை தவமலர் என்ற பெண் வீங்கிய மணிக்கட்டோடு வந்தாள்.

"அவர்தான் முறுக்கினவர் அக்கா. குழம்புக்கு உப்புக் கூடிப்போச்சாம்."

மங்களேஸ்வரி அவளை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போடவைத்தாள். பிறகு புகாரை எழுதி அமைச்சருக்கு அனுப்பினாள். அந்த வாரம்தான் புதிய ஆணை பிறந்திருந்தது: 'குடிவந்தோரின் பண்பாட்டைப் புண்படுத்தலாகாது. எந்தப் புகாரையும் விசாரிக்கும் முன், நடந்தது அவர்களது பண்பாடுதானா என்று அவர்களுடைய பண்பாட்டு மன்றத்தைக் கேட்க வேண்டும்.'

மன்றத்தில் ஏழு ஆண்கள் இருந்தார்கள். தலைவர் சபாநாயகம், தவமலரின் கணவர். 'குடும்பத்துக்குள் கண்டிப்பது எங்கள் தொன்மரபு' என்று முத்திரை குத்தி அனுப்பினார். அமைச்சர் அதைப் படித்து நெகிழ்ந்துபோனார்.

மங்களேஸ்வரி அவரை நேரில் பார்த்தாள். "ஐயா, அது எங்கள் பண்பாடு இல்லை. அடித்தவர் அப்படிச் சொல்கிறார், அவ்வளவுதான்."

"அம்மையே, தாங்கள் அரசு ஊழியர். ஊழியருக்குப் பண்பாடு கிடையாது. மன்றத்துக்கே உண்டு."

அவள் வாதாடியதன் பலனாக இன்னோர் ஆணை வந்தது. இனிப் புகார் சொல்பவர் மொழிபெயர்க்கத் தம் வீட்டாரையே அழைத்துவர வேண்டும். அடுத்தமுறை தவமலர் மற்றக் கையிலும் காயத்தோடு வந்தபோது சபாநாயகமே பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். "படியில் விழுந்துவிட்டாளாம்."

தவமலர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மங்களேஸ்வரிக்கு விளங்கியது. எழுதத்தான் அனுமதி இல்லை. சபாநாயகம் சொன்னதையே எழுதினாள். அரசு இரக்கப்பட்டு அந்த வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி ஒன்று அனுப்பிவைத்தது. அந்த வீட்டில் படிக்கட்டே இல்லை.

ஆண்டு முடிவில் புகார்கள் முற்றிலும் நின்றன. அமைச்சர் பதக்கம் வாங்கினார்.

பதக்க விழாவில் கைதட்டிவிட்டு வந்த மங்களேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முதல் ஆணையை எடுத்து வரிவரியாகப் படித்தாள். மறுநாள் விண்ணப்பம் ஒன்று எழுதினாள்: 'தென்கரைப் பெண்கள் நினைத்தபோது தாய்வீடு போய், மனம் ஆறும்வரை தங்குவது எங்கள் மரபு. பெண் கூப்பிடாமல் கணவன் அந்த வாசலை மிதிப்பதில்லை. இந்நாட்டில் எங்களுக்குத் தாய்வீடு இல்லாததால் பண்பாடு புண்பட்டுக் கிடக்கிறது.'

அமைச்சர் பதறிப்போய் மன்றத்தைக் கேட்டார். சபாநாயகம் நெடுநேரம் மீசையைத் தடவினார். அந்த ஏழு பேருடைய தாய்மாரும் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவர்கள்தான். அப்படி ஒரு மரபு இல்லை என்று சொன்னால், மன்றத்துக்கே மரபு தெரியாது என்றாகிவிடும். முத்திரையைக் குத்தினார்.

எட்டு அறைகளோடு அரசுத் தாய்வீடு எழும்பியது. பண்பாட்டைக் காக்க வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். பொறுப்பாளராக மங்களேஸ்வரியும் வாசலோரச் சிற்றறை ஒன்றில் தங்கினாள். முதலில் வந்தவள் தவமலர். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து, "அக்கா, இஞ்ச சத்தமே இல்லை என்ன?" என்று கேட்டாள்.

சபாநாயகம் சால்வையோடு வந்து கதவைத் தட்டினார்.

"மன்னிக்க வேண்டும் ஐயா," என்றார் காவலர் பணிவாக. "தங்கள் பண்பாட்டை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை."

குளிர்காலம் முடிவதற்குள் எட்டு அறைகளும் நிரம்பின. அப்போது ஒருநாள் உள்நாட்டுப் பெண் ஒருத்தி, கழுத்தை மறைத்துத் துணி சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"நான் தென்கரையாள் இல்லை. எங்களிடம் இப்படி ஒரு மரபும் இல்லை. உள்ளே வர நான் யாரைக் கேட்க வேண்டும்?"

"சட்டப்படி உங்கள் ஆட்களில் பெரியவர் யாரோ அவரை. யார் அவர்?" என்று கேட்டார் காவலர்.

"அமைச்சர்," என்றாள் அவள். "என் கணவர்."

உள்ளிருந்து வந்த மங்களேஸ்வரி அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். "என் அறையில் இடம் இருக்கிறது, வாருங்கள்."