உள்ளே நுழைவது நீங்கள்தானா?

டேப்லெட்டைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கிய மதுமதி, வேலையே அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கையை இறக்கினாள்.

கோயம்புத்தூர்க் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டு மெயில் அனுப்பியிருந்தது. மதியம் பன்னிரண்டுக்குள் 'சம்மதம்' என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அதைப் படித்துத் துள்ளிய துள்ளலில் புதுப் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. பழைய போன், தறிக்கொட்டகையில் பாட்டுக் கேட்க என்று போன மாசமே அம்மாவிடம் போயாச்சு. மிச்சம் இந்த டேப்லெட்.

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போட்டாள். 'உங்கள் போனில் உறுதிசெய்யவும்' என்றது. கவுன்சிலிங் சமயத்தில் அப்பா போனில்தான் இந்தக் கணக்கைத் திறந்திருந்தாள். அப்பா மயில்சாமி ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு ராய்ச்சூர்ப் பக்கம் இருந்தார். டேப்லெட்டிலிருந்தே கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க போனுல ஒண்ணு கேக்கும், பாருங்க."

"ஆமாங்கண்ணு. 'உள்ளே நுழைவது நீங்கள்தானா'ங்குது. இல்லைன்னு அமுக்கிட்டேன்."

"ஏனுங்கப்பா?"

"நானெங்க நொழையறேன்? நீதான நொழையற!"

திரையில் சிவப்பாக வந்தது: மறுக்கப்பட்டது.

"ஐயோ, ஆமான்னு அமுக்கோணும்ப்பா!"

"நீதான போன வாரம் உங்கம்மாவ அந்தக் காய்ச்சு காய்ச்சுன? 'எவனாச்சும் உள்ள வரப் பாப்பான், இல்லைன்னே அமுக்கு, மூளை இல்லையா'ன்னு. ராய்ச்சூர் வரைக்கும் கேட்டுது."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"இப்ப ஆமான்னு அமுக்கிட்டேன் சாமி."

மறுக்கப்பட்டது.

"பொய் சொல்லாதீங்கப்பா!"

"முருகன் சத்தியமா அமுக்கினேன்!" போர் போடும் இரைச்சலில் அப்பாவும் கத்தினார்.

'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதைத் தொட்டாள். அதற்கும் அதே கேள்வி, அதே மறுப்பு. கடைசியில், சந்தேகப்படும்படியான ஆள் யாரோ முயல்வதாகவும், நாளைக்கு வந்து பார்க்கும்படியும் டேப்லெட் சொல்லிவிட்டது.

"நான் நானில்லையாம்ப்பா! மூணு தலைமுறையில நான் ஒருத்திதான் காலேஜ் வாசலை மிதிச்சேன். எம் பேருல வந்த வேலைக்கு நான் சந்தேகப்படும்படியான ஆளாம்!"

பன்னிரண்டுக்குக் கால் மணிதான் இருந்தது. டேப்லெட்டைக் கவிழ்த்து அதன் மேலேயே தலையைப் போட்டு அழுதாள்.

பின்கட்டில் தறிச் சத்தம் நின்றது. தலையெல்லாம் பஞ்சோடு அம்மா சரிதா உள்ளே வந்தாள். கையில் பழைய போன். முகத்தில் அப்படியொரு பெருமை.

"அழுவாத சாமி, களவாணி உள்ள வரலை. காலையிலிருந்து உம் மெயிலுக்குள்ள பூரப் பூரப் பாத்தான். நானும் நீ சொன்னாப்பலயே, உங்கப்பன் அவரு போனுல தெரியாத்தனமா ஆமான்னு தொடறதுக்கு முந்தியே இல்லை இல்லைன்னு அமுக்கித் தொரத்திட்டேன்!"