கணக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏரிப் பனியில் ஓட்டை போட்டு என்னைத் தலைகீழாக இறக்கிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இதற்கு முன் நான் சொன்னவற்றில், கரடி என்னிடம் தீப்பெட்டி கேட்ட கதையில் மட்டும் கொஞ்சம் மிகை உண்டு. கேட்டது கரடி அல்ல, குட்டி. இந்தக் கதையில் அந்த மாதிரி ஒரு குட்டிகூடக் கிடையாது.

என் பெயர் தவ்னோ. வயது எழுபத்தொன்று. வீடுகளைச் சூடாக்க எங்கள் கூசிலஹ்தி ஊருக்குள் குழாயில் வெந்நீர் அனுப்பும் நிலையத்தில் நாற்பத்து மூன்று வருடம் தீ வளர்த்தவன். வடக்கு ஃபின்லாந்தில் தீ வளர்க்கிறவனுக்குப் பாதிரியாரைவிட மரியாதை அதிகம். பாதிரியார் சொர்க்கம் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் அன்றன்றைக்கே தந்துகொண்டிருந்தோம்.

வீட்டில் கதை வேறு. அங்கே என் மனைவி ஹில்க்காவின் ஆட்சி. நாற்காலியை எங்கே போடுவது, நான் எதில் உட்காருவது, உட்கார்ந்து எதைப் பற்றிப் பேசக்கூடாது எல்லாம் அவள் தீர்மானம். நாற்பத்தாறு வருட மணவாழ்வில் எனக்கென்று மிஞ்சியது வீட்டின் கீழறை ஒன்றுதான். அங்கே எங்கள் விறகு பாய்லர் இருந்தது. கூடவே ஒரு சாய்வு நாற்காலி, காப்பிப் பாத்திரம், பனிச்சறுக்குப் போட்டியைக் காதுக்குள் கத்தும் ஒரு ரேடியோ. பாய்லருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை விறகு போட்டே ஆகவேண்டும், போட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்று கல்யாணமான வாரமே அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போட்டால் போதும். மிச்ச நேரமெல்லாம் என் சொந்த ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ஊர் எல்லையில் பெரிய கம்ப்யூட்டர் கூடம் ஒன்று கட்டினார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ராப்பகலாகக் கணக்குப் போடுமாம். கணக்குப் போட்டால் சூடேறுமாம். அந்தச் சூட்டைத் தண்ணீரில் வாங்கி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புவார்களாம். பாதி ஊர் சேர்ந்துவிட்டது. எங்கள் சந்தில் ஐந்து வீடு. ஐந்தும் விறகு. கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் நான் ஆற்றிய உரைகளால்தான் அது சாத்தியமாயிற்று.

ஒரு செப்டம்பர் காலை ஹில்க்கா பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நாமளும் அந்தக் குழாயில சேர்ந்துடலாமா?"

"கணக்குப் போட்டு வர்ற சூடு ஒரு சூடா? நான் பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் கணக்குப் போட்டேன். ஒரு நாளாவது காது சூடாச்சா?"

"உங்க வாத்தியாருக்கு ஆகியிருக்கும்."

"தீ இல்லாம சூடு கிடையாது ஹில்க்கா. இது என் தொழில்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப்போல எனக்குக் காப்பியை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஹில்க்கா 'சரி' என்று சொன்ன இடத்தில் பேச்சு முடிந்துவிடும் என்று நினைப்பவன் முட்டாள். நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்தக் கூடத்தில் ஊரார் உள்ளே போய்ப் பார்க்கும் நாள். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் உண்டு. அவர்கள் பொய்யை அங்கேயே உடைத்துக் காட்டுவது என்று தீர்மானித்து, சட்டைப் பைக்குள் என் பழைய நிலையத்துத் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு போனேன். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவள் ரேத்தா என்ற பொறியாளர் பெண். முப்பது வயது இருக்கும்.

அங்கே கண்டதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருடம் நான் வேலை பார்த்த இடம் நரகத்தின் சமையலறை மாதிரி இருக்கும். கர்ஜனை, புகை, சாம்பல், கெட்ட வார்த்தை. இங்கே தேவாலயத்தில் பிரசங்கம் தொடங்குமுன் இருக்கும் அமைதி. வரிசை வரிசையாக ஆளுயர அலமாரிகள். ரேத்தா ஒரு பலகையை உருவிக் காட்டினாள். கணக்குப் போடும் சில்லு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் தலையில் ஒரு செம்புத் தகடு. தகட்டுக்குள் தலைமுடி அகலத்தில் வாய்க்கால்களாம். அதற்குள் தண்ணீர் ஓடுகிறது.

"உள்ள போற தண்ணி எத்தனை டிகிரி?" என்று கேட்டேன். பைக்குள் கை தெர்மாமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அறுபது, தாத்தா."

"வெளிய வர்றதைக் கேக்கலை. உள்ள போறது."

"உள்ள போறதுதான் அறுபது. வெளிய வரும்போது அறுபத்தஞ்சு."

"வெந்நீரை ஊத்தியா குளிர வைக்கிறீங்க?"

"சில்லு எண்பதுல நிக்குது. அதுக்கு அறுபது ஜில்லுனு இருக்கும். நீங்க சௌனாவுல வெந்துட்டு ஏரித் தண்ணியில இறங்கலையா, அந்த மாதிரி."

எண்பது டிகிரி சௌனா நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சில்லின் சூட்டை வாங்கிய தண்ணீர் ஒரு பெட்டிக்குப் போகிறது. மெல்லிய இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் ஊர்த் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சூடு மட்டும் கைமாறிப் போகிறது. அவர்கள் தண்ணீர் திரும்பிச் சில்லுக்குப் போகிறது, ஊர்த் தண்ணீர் வீட்டுக்குப் போகிறது.

ரேத்தா என் கையைப் பிடித்து வெளியே போகும் குழாயின் மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று கேட்டேன். நாளைக்கு வடகடலிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசும் என்ற கணக்காம். நாளைய குளிரை இன்றைக்கு யோசிக்கிறது. யோசித்த சூட்டிலேயே இன்றைக்கு வீடு காய்கிறது. ஒரு குச்சி எரியவில்லை. ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. ஊரில் யாரோ ஒரு பாட்டி அந்த நேரம் தொட்டிக்குள் உட்கார்ந்து நாளைய காற்றில் குளித்துக்கொண்டிருப்பாள். தெர்மாமீட்டரை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹில்க்கா எப்படி இருந்தது என்று கேட்டாள். ரொட்டியில் இலவங்கப்பட்டை குறைவு என்றேன்.

என் சங்கடம் உங்களுக்குப் புரிகிறதா? அந்த வெந்நீர் எனக்கு வேண்டும். ஆனால் அது வந்தால் விறகு வேண்டாம். விறகு வேண்டாமென்றால் கீழறையில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கிழவன் நாள் முழுக்க மேலே, ஹில்க்காவின் கண் முன்னால். கீழறையில் தறியைப் போட்டுக் கந்தல் கம்பளம் நெய்ய வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை வேறு.

மூன்று நாள் யோசித்தேன். அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டர் அத்தனையும் சேர்ந்தால்கூட அவ்வளவு யோசித்திருக்காது. பிறகு வழி பிடிபட்டது. ரகசியமாகச் சேர்ந்துவிடுவது. ஆனால் விறகு எரிவதாகவே நடிப்பது.

அதிர்ஷ்டம் பாருங்கள், அக்டோபரில் ஹில்க்கா நான்கு நாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அன்றே ரேத்தாவிடம் ஓடினேன். ஆட்கள் வந்தார்கள், பின்வாசல் வழியாகக் குழாயை இறக்கினார்கள், பாய்லருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள், அதை நான் ஒரு கிழிந்த கம்பளியால் மூடினேன். மூன்றாம் நாள் பாய்லர் அணைந்தது. வீடு முன்பைவிடக் கதகதப்பாக இருந்தது.

அன்றிலிருந்து தொடங்கியது என் நாடகம். கூடையில் பன்னிரண்டு பூர்ச்ச மர விறகுக் கட்டை. ஹில்க்கா பார்க்க உள்படி வழியாகக் கீழே தூக்கிப் போவேன். இரும்புக் கதவை மூன்று முறை அறைவேன். பெருமூச்சு ஒன்று மேலே கேட்கும்படி விடுவேன். அப்புறம் ஒரு மணி நேரம் காப்பி, ரேடியோ, தூக்கம். பின்வாசல் வழியாக அதே பன்னிரண்டையும் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைப்பேன். குளிர்காலம் பூராவும் அதே பன்னிரண்டுதான். தூக்கித் தூக்கிப் பட்டையெல்லாம் உதிர்ந்து, மெருகேற்றிய மேசைக்கால் மாதிரி பளபளத்தன. ஒவ்வொன்றையும் முகம் தெரியும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

தீ வளர்த்தவன் மாதிரி தெரிய முகத்தில் பூசிவந்த கரி டிசம்பரில் தீர்ந்துபோயிற்று. எரியாத அடுப்பில் கரி ஏது? பக்கத்து வீட்டு என்சியோவிடம் ஒரு டப்பா கரி கடன் கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் ஏன் என்று கேட்பது கதவைத் தட்டாமல் நுழைவதற்குச் சமம்.

ஹில்க்காவுக்கோ என் மேல் இரக்கம் பொங்கி வழிந்தது. "எழுபத்தொரு வயசுல இவ்வளவு உழைப்பா" என்று சால்மன் சூப்பில் கூடுதலாக வெண்ணெய் போட்டாள். முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். காப்பி மேசையிலும் எல்லோரும் என் தீயைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். நானும் விரிவாகப் பதில் சொன்னேன்.

உண்மையில் அந்த நாட்களில் நான் கீழே தூங்கியதைவிடக் குழாயில் காதை வைத்து உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். சளசளவென்று மெல்லிய சத்தம் வரும். போகப் போக, என்ன கணக்கு ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்ல ஆரம்பித்தேன். புயல் கணக்கென்றால் கொஞ்சம் கரகரக்கும். வரிக் கணக்கு இழுவையாக வரும். நம்பாதவர்கள் காதை வைத்துப் பார்க்கட்டும்.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பத்து நாலுக்கு இறங்கியது. ஒரு நண்பகலில் நான் கூடையுடன் கிளம்பும்போது ஹில்க்கா சமையலறை ஜன்னலருகே நின்று கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

பார்த்தேன். அந்த மாதத்தில் எங்கள் சூரியன் நண்பகலிலும் தரையை ஒட்டித்தான் தவழும். எங்கள் சந்து வீடுகளின் நிழல் நீள நீளமாக உறைந்த ஏரி மேல் விழுந்திருந்தது. வெள்ளைப் பனியில் நீல நிழல். ஐந்து கூரை. ஐந்து புகைபோக்கி. புகையின் நிழல்கூடத் தெரிந்தது, நீலப் பட்டு நூல் மாதிரி நெளிந்து நெளிந்து அக்கரை வரைக்கும்.

"ஆமா, அழகுதான்" என்றேன்.

"எத்தனை புகை, எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். நாலு. நடுவில் இருந்த புகைபோக்கியின் நிழல் மட்டும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மாதிரி சும்மா நின்றது. நடுவீடு எங்களுடையது.

நாற்பத்து மூன்று வருடம் தீ வளர்த்தவன். கதவுச் சத்தத்தை நினைத்தேன், கரியை நினைத்தேன், பெருமூச்சை நினைத்தேன். புகையை மறந்துவிட்டேன்.

கூடையைக் கீழே வைத்தேன். "எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிலேருந்து. குழாயில சேர்ற படிவத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். நான் செப்டம்பர்லயே போட்டு ரேத்தாகிட்ட கொடுத்துட்டேன். பெரியவர் கையை மட்டும் ஒரு தடவை குழாய் மேல வச்சுவிடும்மா, மிச்சத்தை அவரே பண்ணிக்குவார்னு சொன்னேன்."

"அப்போ உங்க அக்கா வீடு?"

"நாலு நாள் போதும்னு ரேத்தா சொன்னா."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். காலையில் ஒரு வீட்டில் புகை வராவிட்டால் அக்கம்பக்கத்தார் என்ன ஆயிற்றோ என்று போய்ப் பார்ப்பார்கள். புகை நின்ற முதல் காலையே என்சியோ மண்வெட்டியும் மருந்துப் பெட்டியுமாக ஓடி வந்தானாம். எட்டிப் பார்த்தால் நான் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தேனாம். அவன் அன்றே அக்கா வீட்டுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்ன ஹில்க்கா, யாரும் அவரைக் கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம். காப்பி மேசைக்கு மறுநாளே தெரியும். மூன்று மாதமாக என் தீயை நலம் விசாரித்தவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என்ன ஜனங்கள் பாருங்கள்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது.

"அப்போ தறியைக் கீழ இறக்கிடுவே. அறை போச்சு."

ஹில்க்கா என்னைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அப்படிக் கனிவாகப் பார்த்ததில்லை.

"கிழவரே, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டா போதும்கிற பாய்லருக்கு மூணு மணி நேரத்துக்கொரு தடவைன்னு நீங்க சொன்னப்போ நான் ஏன் ஒண்ணும் கேக்கலை? எங்க அப்பா வீட்டுலயும் அதே பாய்லர்தான் இருந்துச்சு. நீங்க கீழ இருக்கிற நேரம்தான் இந்த வீட்டுல நான் நிம்மதியா உக்கார்ற நேரம். அந்த அறையை இத்தனை வருஷம் காப்பாத்தினது நீங்கன்னா நினைச்சீங்க?"

கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"குளிர் முப்பத்து நாலு. மூணு மணி நேரத்துக்கொரு தடவை போதாது. மணிக்கொரு தடவை போய்ப் பாருங்க."

இதைக் கீழறையில்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு தடவை மேலே ஏறிக் கதவைத் திறந்தேன். "அதுக்குள்ளயா?" என்று குரல் வந்தது. மறுபடி இறங்கி வந்துவிட்டேன். நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.