நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பவர்

புத்தூர், நகரி, நாகலாபுரம் பக்கம் மாங்காயும் தறிச்சத்தமும் போல எங்கு திரும்பினாலும் கிடைக்கிற ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இளைஞர்களின் கருத்தைக் கேட்பவர். திருப்பதியிலும் சித்தூரிலும் இவர் சற்றுப் பெரிய அளவில் கிடைப்பார். உங்கள் ஊரிலும் இருப்பார். தேட வேண்டாம், அவரே வருவார்.

அறிவுரை சொல்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அறிவுரைக்காரர் நேர்மையானவர். உட்கார்ந்ததும் வந்த வேலையைத் தொடங்கிவிடுவார். நம்மவர் அப்படியல்ல. முதலில் கேட்பார். அன்பாகக் கேட்பார். கல்யாணப் பந்தியிலோ பஸ்ஸிலோ காதுகுத்திலோ ஒரு பையனைப் பிடித்து, தோளில் கை போட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்து அவனை உட்காரவைத்து, "இந்தக் காலத்துப் பசங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு எங்களுக்கும் தெரியணும்பா, பயப்படாம சொல்லு" என்று கேட்டு, அவன் முகத்தையே பார்ப்பார். பையன் நெகிழ்ந்துபோவான். நம்மையும் ஒருவர் கேட்கிறாரே என்று வாயைத் திறப்பான்.

"அதாவது மாமா..."

அவ்வளவுதான் அவனுக்கு ஒதுக்கப்பட்ட நேரம். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே 'அதாவது' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்து ஆளாகியிருக்கிறது.

என் தொழில் மின்னணுவியல். அதனால் எனக்கு இது எளிதாகப் புரிகிறது. வாக்கி-டாக்கியில் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் எதிராளியின் குரல் வராது. கருவியில் கோளாறில்லை. விரலை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இவருக்குப் பிடித்த தலைப்புகள் மூன்று. கல்வி பற்றிக் கேட்டால், தான் எட்டு மைல் நடந்து படித்ததில் முடிப்பார். சமூகப் பிரச்சினை பற்றிக் கேட்டால், வரதட்சணையைப் பெண்பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய ஆசைப்படுவார். அதை அவர் கேட்கும் இடம் பெரும்பாலும் கல்யாண மண்டபமாக இருக்கும், பின்னால் ரிப்பன் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுகொண்டிருக்கும். மூன்றாவது மனசு. யாராவது மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டால் உருகிவிடுவார். "கொட்டுப்பா, உள்ள வெச்சிக்காதே" என்பார். பாத்திரத்தைச் சாய்ப்பதற்குள், "எங்க காலத்துல மனசுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்" என்று மூடி போட்டுவிடுவார்.

கூட்டம் சேர்ந்தால் இந்த இனம் கருத்தரங்கம் நடத்தும். நகரியில் ஒருமுறை 'இளைஞர் பேசுகிறார்கள்' என்ற பெயரில் ஒன்று நடந்தது. மேடையில் இருந்த பெரியவர்களில் மிக இளையவருக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து பேரனும் பிறந்திருந்தான். காலையிலிருந்து இளைஞர்கள் கீழே உட்கார்ந்து, இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். கடைசியில் தாட்சாயணி என்ற கல்லூரிப் பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். அவள் மைக்கின் முன்னால் வந்து தொண்டையைச் சரிசெய்யவும், யாரோ தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். பாவம், அசையாமல் நின்று முடித்துவிட்டு இறங்கினாள். மறுநாள் செய்தி வந்தது: இளைஞர்கள் மனம் திறந்து பேசினர்.

தலைமை, திரு. திருவேங்கடம்.

திருவேங்கடம் என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் நைனா. இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. போன தை மாதம் காலமானார். இருந்திருந்தால் இந்தக் கட்டுரை பற்றி என் கருத்தைக் கேட்டு, அவரே சொல்லியும் இருப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பணிக்காலம் முழுவதும் பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆகவே கேள்வி முடியும்வரை காத்திருப்பது அரசாங்க நேரத்தை வீணாக்குவது என்று நம்பினார். "சார், திரு..." என்று ஒருவர் தொடங்கினாலே போதும், "திருத்தணி, கடைசி பிளாட்பாரம், கெளம்பிக்கினு கீது, ஓடு" என்று தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லிவிடுவார். திருப்பதி போக வந்து திருத்தணி முருகனைத் தரிசித்துத் திரும்பியவர்கள் உண்டு. முருகனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபின் ஜன்னல் போய்விட்டது. பழக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது.

அது தெருவுக்கொரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போன காலம். யாரோ ஒருவன் பனியில் தொப்பி போட்டு நிற்கும் போட்டோ ஒன்று புத்தூர் முழுவதும் கை மாறிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டோவைப் பார்த்த வீட்டில் எல்லாம் ஒரு பையன் எம்செட் நுழைவுத்தேர்வுக்கு உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் உட்கார்ந்தவன் கிஷோர், எங்களோடு இருந்த நைனாவின் தங்கை சுலோசனா அத்தையின் மகன். முதல் முறை ராங்க் வரவில்லை. ராங்க் வராத பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து இன்னொரு வருஷம் அதையே படிக்கவைப்பதற்கு லாங் டெர்ம் என்று பெயர். ஆயுள் தண்டனைக்கும் பொருந்தக்கூடிய பெயர்.

அந்த ஒரு வருஷம் முடிந்து, இரண்டாவது முறை பரீட்சை எழுதிவிட்டு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். ஒரு வாய் தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல்கள் தொடைமேல் ஏ, பி, சி, டி என்று தட்டிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்தே ராங்க் வராது என்று தெரிந்துகொண்டு, அடுத்த லாங் டெர்முக்கு நைனா இடம் பிடித்துவிட்டார். திருப்பதி கங்கம்மா ஜாத்திரை முடிந்த திங்கட்கிழமை பயணம். தாழ்வாரத்தில் டிரங்குப் பெட்டி தயாராகிவிட்டது.

அதற்காக நைனா அவனைக் கேட்காமல் விட்டுவிடவில்லை. வேளாவேளைக்குக் கேட்டார்.

"டேய், படிக்கப்போறவன் நீ. உன் கருத்து இன்னா?"

"அதாவது மாமா, என்னால..."

"முடியும்டா. அதானே சொல்ல வர்ற?"

எங்கள் வீட்டில் முடிவு நைனாவுடையது. கருத்து மட்டும் கிஷோருடையது.

ராங்க் வந்தால் பையனுக்கு வேஷம் போடுகிறேன் என்று அத்தை கங்கம்மாவுக்கு நேர்ந்திருந்தாள். ஆத்தாளிடம் கடன் வைப்பானேன், முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்று நைனா யோசனை சொன்னார். திருப்பதி ஜாத்திரையில் பண்ட வேஷம் என்று ஒன்று உண்டு. உடம்பெல்லாம் குங்குமம் குழைத்துப் பூசி, கரிப்பொட்டு வைத்து, கையில் வேப்பிலையோடு எதிரே வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே போக வேண்டும். என்ன வார்த்தை வந்தாலும் கோபிக்கக் கூடாது. கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஆத்தாளின் ஆசீர்வாதம். குடும்பமாகப் பஸ் ஏறினோம்.

சிவப்பாகப் பூசி நிறுத்தியும் கிஷோருக்குத் திட்டு வரவில்லை. ஒரு போலீஸ்காரரை "ஏய் குண்டு" என்றான். அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. திரும்பினான். நைனா துண்டை இடுப்பில் கட்டி, கைகூப்பி, கண்ணை மூடி நின்றார். ஜனங்கள் நாலு நாள் பேசிக்கொள்ளும்படி ஒரு திட்டு கிடைக்க வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"யோவ் திருவேங்கடம்" என்றான் கிஷோர். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "தெனம் கேக்கிற இல்ல? இன்னிக்கு வாய மூடிக்கினு கேளு. அந்த ஆஸ்டல்ல எனக்குத் தூக்கம் வரல. கண்ண மூடினா கேள்வித்தாள் வருது. துன்னது உள்ள எறங்கல."

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த செங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா இது, ஒரு கெட்ட வார்த்த கூட இல்ல. இதுக்கா இம்மாம் குங்குமம்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

"ஆஸ்டல் மாடியில துணி காயப்போடப் போறேன்" என்றான் கிஷோர். "போட்டுட்டு வர முடியல. கீழ எட்டிப் பாத்துக்கினே நிக்கிறேன். நான் அங்க போக மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நைனா கண்ணைத் திறந்தார்.

"அதாவதுடா..."

"வாய மூடு சாமி" என்றாள் செங்கம்மா. "வேஷம் பேசறப்போ எதிர்ப் பேச்சு பேசக்கூடாது."

நைனாவுக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் அவ்வளவுதான். கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. கிஷோர் வேப்பிலையால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கோயிலுக்குள் போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அத்தை இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் ஆத்தாளுக்குப் படைத்த கேழ்வரகுக் கூழ் சொம்பில் இருந்தது. கிஷோர் குளித்துவிட்டு வந்தான். காதுக்குப் பின்னால் மட்டும் குங்குமம் போகவில்லை. டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய்" என்றார் நைனா. "அங்க பேசினது ஆத்தாளா, நீயா?"

கேட்டுவிட்டார். அடுத்த வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, அத்தைக்குத் தெரிந்தது, கிஷோருக்கும் தெரிந்தது. அவன் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். நைனா சட்டென்று சொம்பைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டார். கூழ் கெட்டியானது, மடமடவென்று இறங்காது. அவர் கண்கள் சொம்பின் விளிம்புக்கு மேலே கிஷோரையே பார்த்துக்கொண்டிருந்தன. தொண்டை ஏறி இறங்கியது. சொம்பு இறங்கவில்லை.

கிஷோர் காத்திருந்து பார்த்தான். குறுக்கே எதுவும் வரவில்லை.

"நான்தான் மாமா" என்றான்.

சொம்பு அப்படியே இருந்தது. உள்ளே ஏதோ ஒரு வார்த்தை குமிழ் விட்டு அமிழ்ந்தது.

"இன்னா படிக்கணும்னு கேட்டா எனக்கே தெரியல. மொதல்ல தூங்கணும். எழுந்து சொல்றேன்."

நைனா காலிச் சொம்பைக் கீழே வைத்தார். மீசையெல்லாம் கூழ். கண்ணில் நீர், புரையேறியதாகச் சொன்னார்.

"சுலோ, அந்தப் பெட்டியத் தெற. போர்வைய எடுத்துப் போடு. புள்ள தூங்கட்டும்."

தூங்கினான். எழுந்தான். தின்றான். மறுபடி தூங்கினான். திங்கட்கிழமை வந்தது, போனது. பெட்டியில் அத்தை அரிசி கொட்டி வைத்தாள். நைனா அவனைத் திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவனைக் கேட்ட கேள்விகளில் முதல் இரண்டுக்கு நைனா பதில் சொன்னதாகவும், மூன்றாவதற்குள் வெளியே உட்காரவைக்கப்பட்டதாகவும் கேள்வி.

கிஷோர் இப்போது பலமனேரில் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். மாடு கருத்துச் சொல்லாது. ஆனாலும் அவன் காத்திருக்கிறான்.

நைனா திருந்திவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எங்கே போனாலும் ஒரு சொம்புத் தண்ணீர் கூடவே போனது. கேட்பார், உடனே குடிப்பார். எதிரே இருக்கும் பிள்ளை விவரமாகப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் இரண்டு சொம்பு. இப்படி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறவருக்குச் சர்க்கரை இருக்க வேண்டும் என்று டாக்டர் மூன்று முறை ரத்தம் எடுத்துப் பார்த்து ஏமாந்தார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிஷோர் வந்திருந்தான். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். என் மகள் ரூபா பள்ளியை முடிக்கப்போகிறாள். அவள் அடுத்து என்ன படிக்க நினைக்கிறாள் என்று நான் கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்?

"அதாவதும்மா..." என்றாள்.

நான் தொடங்கிவிட்டேன். பெங்களூரில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எதற்கு இனிமேல் மதிப்பு என்று போய்க்கொண்டிருக்கும்போது முழங்கையில் ஏதோ குளிர்ச்சியாக இடித்தது. கிஷோர்தான். நைனாவின் சொம்பில் தண்ணீர் மொண்டு என் பக்கம் தள்ளியிருந்தான்.

குடித்தேன். ரூபா நிறையப் பேசினாள். சொம்பு நிறையப் பிடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நீங்கள் இவ்வளவு நேரமும் உங்கள் மாமாவையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. ஒரே ஒரு சோதனை. கடைசியாக நீங்கள் ஒரு பிள்ளையிடம், "நீ என்ன நினைக்கிற, சொல்லு" என்று கேட்டீர்களே, அது என்ன சொன்னது?

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அது சொன்னதை.

அடுக்களையில் சொம்பு இருக்கிறதா, பாருங்கள்.