லங்காவிக்கு மட்டும் போன பை

அந்தப் பையை இன்றைக்குள் விற்றே தீருவது என்று ஜெயபாலன் முடிவு செய்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் தனியாக எடுத்த முதல் முடிவு அது. எடுத்த கையோடு கொஞ்சம் வியர்த்தது.

விஷயம் இதுதான். மனைவி புஷ்பவள்ளி திங்கட்கிழமை சுங்கை பட்டாணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள். பத்து நாள். போன முறை மூன்று நாள் போனதற்கே ஜெயபாலன் ஒன்பது வேளையும் மேகி மீ நூடுல்ஸே தின்றார். வெள்ளைச் சட்டைகளைச் சிவப்புத் துண்டோடு சேர்த்துத் துவைத்து, தெப்ராவ் தொழிற்சாலைக்கு ஒரு வாரம் ரோஸ் நிறத்தில் வேலைக்குப் போனார். பத்து நாளை மனுஷன் தாங்க மாட்டார். போகாதே என்று சொல்லவும் தைரியம் கிடையாது. ஆனால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆளில்லை புஷ்பவள்ளி. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு சக்கரப் பை. பை போனால் பயணமும் போச்சு.

சனிக்கிழமை காலை அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, தாமான் குடியிருப்பு ஆண்களின் வாட்சாப் குழுவில் படத்தோடு போட்டார். ‘நாலு சக்கர பேக். ஒரே முறை லங்காவிக்குப் போய் வந்தது. எண்பது வெள்ளி.’ பெண்கள் இல்லாத குழு. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ராஜசேகரன்.

“ஏண்ணே விக்கிறீங்க? நல்லா ஓடுற பேக்காச்சே.”

“இனிமே எங்க தம்பி போகப் போறோம். உள்ள திறந்து பாருங்க, புதுசு மாதிரியே இருக்கும். இந்த நம்பர் பூட்டுதான்...”

கார் நம்பரின் கடைசி மூன்று எண்ணைப் போட்டுப் பார்த்தார். வீட்டு நம்பரைப் போட்டுப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. ராஜசேகரன் குனிந்து டக் டக் டக்கென்று திருப்பினார். திறந்துகொண்டது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒன்னு, ரெண்டு, ஆறு. உங்க கல்யாண நாள்தானேண்ணே. ஜூன் பன்னெண்டு.”

ஜெயபாலன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அப்படித்தான் இருக்கும் போலிருந்தது. அது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் ராஜசேகரன், “இடது பக்கச் சக்கரம் கொஞ்சம் இழுக்கும், வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்க” என்று கேட்டைத் தாண்டிவிட்டார்.

அடுத்து வந்தது முனைவீட்டு ஜொஹரா. கணவர் சாதிக் பாட்சா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். குழுவில் இருப்பது சாதிக். அவருடைய போன் இருப்பதோ ஜொஹராவிடம். ஜெயபாலன் இதை யோசிக்கவில்லை.

ஜொஹரா விலை கேட்கவில்லை. நேராகப் பைக்குள் கையை விட்டு, அடியில் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு ஜிப்பைத் திறந்து, ஒரு டப்பா முக்காட்டு ஊசியை எடுத்தார்.

“இங்கதான் இருக்கா. மேடான் பூரா தேடினேன்.”

“மேடானா? இந்தோனேசியாவுலயா? இந்த பேக்கு லங்காவி தவிர எங்கயும் போகல லா.”

“ஆமாண்ணே,” என்றார் ஜொஹரா, குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில். “லங்காவிதான்.”

ஜெயபாலன் பையைக் கவிழ்த்தார். சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிடியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிப் பார்த்தார். ஏதோ ஓர் ஊரின் பெயர் பாதி தெரிந்தது. அது லங்காவி இல்லை. ஒருவேளை தானும் அங்கெல்லாம் போய்விட்டு வந்து மறந்துவிட்டோமோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. கல்யாண நாளையே மறந்தவருக்கு மேடான் எம்மாத்திரம்.

மூன்றாவதாகப் பக்கத்து வீட்டு லோஷினி வந்தாள். சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் கண்ணில் படுவாள். எண்பது வெள்ளியை நீட்டினாள்.

“திறந்து பாக்க வேணாமாம்மா?”

“பாத்த பேக்குதானே அங்கிள்.”

இழுத்துக்கொண்டு போனாள். பை இடது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

மதியம் புஷ்பவள்ளி வந்தாள். “என்னங்க, பேக்கு எங்க?”

“வித்துட்டேன் புஷ்பா. வித்தப்புறம்தான் உன் பயணமே ஞாபகம் வந்துச்சு. அலமாக், இப்ப என்ன பண்றது? தள்ளிப் போட்டுடலாமா?” முகத்தை எவ்வளவு சோகமாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டார்.

“வித்தது வித்தாச்சு,” என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சண்டை இல்லை. மீன் குழம்பு வைத்தாள், அதில் உப்பும் சரியாக இருந்தது. ஜெயபாலன் ஜெயித்துவிட்டார். ஆனாலும் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை எழுந்து வந்தால், ஹாலில் அதே பை நிற்கிறது. வயிறு புடைக்க.

“இது வித்த பேக்காச்சே.”

“ஆமா. லோஷினிகிட்ட இரவல் கேட்டேன், கொடுத்தா. நாலு வருஷமா தாமானே நம்மகிட்ட இரவல் வாங்குச்சு. ஒரு தடவ நான் வாங்கக் கூடாதா?”

அப்போதுதான் விளங்கியது. அவர் ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் பை ஊர் சுற்றியிருக்கிறது.

“ஜொஹரா சந்தைக்கே போன் போட்டுட்டா. வெளியாளு கைக்குப் போனா நம்ம நாலு வீடும் என்ன பண்ணும்? அதான் லோஷினிய வாங்கிக்கச் சொன்னேன். அந்த எண்பது வெள்ளிய எடுங்க, பஸ்ஸுக்கு ஆகும்.”

லார்க்கின் பேருந்து நிலையத்தில் பையை இழுத்தது ஜெயபாலன்தான். உண்மையிலேயே இடது பக்கம் இழுத்தது. பேருந்துப் படியில் அவள் காலை வைத்ததும் மெல்லக் கேட்டார்.

“பத்து நாள்ல வந்துடுவேல்ல?”

“அது நம்ம பேக்கா இருந்தப்ப சொன்னதுங்க. அடுத்து ஜொஹராவுக்குத் தரதா சொல்லியிருந்தேன், அதான் பத்து நாள். அவ இப்ப லோஷினிகிட்டல்ல கேக்கணும். லோஷினி எனக்குத்தான் முதல்ல கொடுத்திருக்கா, ஜூன் கடைசி வரைக்கும் வச்சுக்கங்கன்னுட்டா.”

அன்றைக்குத் தேதி மே பதினெட்டு. ஜெயபாலன் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். புஷ்பவள்ளி படியில் நின்றபடி திரும்பினாள்.

“கல்யாண நாளைக்குப் போன் பண்ணுங்க. தேதி மறந்துட்டா எதிர்வீட்டுத் தம்பியக் கேளுங்க.”