வடக்கு வாசலுக்கு ஐந்து டார்ச்

டார்ச்சுக்கு ஒரு கை வேண்டும். துப்பாக்கிக்கு இரண்டு கை வேண்டும். ஒர்லீனுக்குக் கடவுள் கொடுத்திருந்தது மொத்தமே இரண்டுதான். சனிக்கிழமை மதியம் இருட்டுப் பரீட்சை. நடுவில் ஆறே நாள்.

பெல் கிரீக் சர்ச்சின் காவல் குழுவில் அதுவரை ஆண்கள் மட்டும்தான். ஞாயிறு ஆராதனையின்போது வாசலுக்கு ஒருவராகக் கோட்டுக்குள் துப்பாக்கியோடு நிற்பார்கள். ஒர்லீனின் கணவர் உயிரோடு இருந்தவரை வடக்கு வாசல் அவருடையது. இப்போது அதைத் தனக்குக் கேட்டாள். பகல் பரீட்சையில் பத்துக்குப் பத்து குறி தப்பாமல் சுட்டுவிட்டாள். இருட்டுப் பரீட்சையில் தோற்றால், பழையபடி நர்சரி அறையில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்க வேண்டியதுதான்.

"சிஸ்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் குழுத் தலைவர் ஹாய்ட். "துப்பாக்கியும் டார்ச்சும் சேர்த்துப் பிடிக்க ஆம்பளைங்களே தடுமாறுறோம்."

"ஸ்கூல் கிச்சன்ல முப்பது வருஷமா ஒரு கையில தட்டு, ஒரு கையில கரண்டின்னு நிக்கிறவ நான், பிரதர்."

"கரண்டி வெடிக்காது, சிஸ்டர்."

"நீங்க என் கிச்சனுக்கு வந்ததில்ல."

முதல் டார்ச் கணவரின் வண்டியில் கிடந்தது. முழங்கை நீளம். கராஜ் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் துப்பாக்கியோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். ஐந்தாவது நிமிஷம் கை சோர்ந்து, டார்ச் அவள் கால் கட்டைவிரலில் இறங்கியது.

நொண்டிக்கொண்டே கடைக்குப் போனாள். லிப்ஸ்டிக் அளவில் ஒன்றை எடுத்து நீட்டினான் கடைக்காரன். "சின்னது, ஆனா சூரியன். எதிர்ல நிக்கிறவனுக்குக் கண்ணே தெரியாது மேடம்."

வீட்டு நடையில் அமுக்கினாள். வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவள் கண்ணையே அடித்தது. கதவு என்று நினைத்துப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டாள்.

"எனக்குல்ல கண்ணு தெரியல!" என்று மறுநாள் கடையில் போய்ச் சண்டை பிடித்தாள்.

"சுவத்துக்கு வேற பெயின்ட் அடிச்சுப் பாருங்களேன்."

"உன் மூஞ்சில அடிக்கிறேன். வேற குடு."

மூன்றாவதில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு அமுக்கு மங்கல், இரண்டு பிரகாசம், மூன்று மினுக்கல், நான்கு ஆபத்துச் சைகை. அவசரத்தில் விரலுக்குக் கணக்குத் தெரியாமல், ஜன்னல் வழியே ஆபத்துச் சைகை பறந்தது. எதிர்வீட்டுக்காரி இரவு உடையோடு ஓடி வந்தாள். "ஒர்லீன், மாரடைப்பா? ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு!"

நான்காவதைக் கடைக்காரனே துப்பாக்கிக்கு அடியில் மாட்டிக் கொடுத்தான். "இனிமே ரெண்டு கையும் ஒரே வேலை பார்க்கும், மேடம்." மாட்டிய துப்பாக்கி பழைய இடுப்பு உறைக்குள் போகவில்லை, புது உறையும் வாங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் பிடிப்பதற்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதைப் பிளாஸ்டிக் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு, புதன்கிழமை சர்ச்சின் சாமான் அறையில் காபி பில்டர் தேடினாள். கதவு திறந்தது. திரும்பினாள். வெளிச்சத்தோடு துப்பாக்கியும் திரும்பியது.

பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "மேல் தட்டுல இருக்கும்மா. முதல்ல அதை இறக்கிடு."

"ஐயோ, இது பிளாஸ்டிக், பாஸ்டர்!"

"என் நெஞ்சு பிளாஸ்டிக் இல்லையே, சிஸ்டர்."

ஹாய்டின் காதுக்கு விஷயம் போய்ச் சேரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "போதகரையே சுடப் பார்த்தீங்களாமே!" என்று போன் செய்து சிரித்தார்.

அன்றிரவு ஒர்லீனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சால் யாரைப் பார்த்தாலும் அவர் மேல் துப்பாக்கியை நீட்டித்தான் பார்க்க வேண்டும். யாரென்று தெரிவதற்கு முன்னால் துப்பாக்கிக்கு அங்கே என்ன வேலை?

காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றாள். "ஒரு புத்திசாலித்தனமும் இல்லாத டார்ச் ஒண்ணு குடு. கைக்கு அடங்கணும், நடுத்தர வெளிச்சம், பின்னாடி ஒரே ஒரு பொத்தான். அமுக்குனா எரியணும், விட்டா அணையணும்."

இடது கையில் டார்ச்சைக் கன்னத்தோரம் தூக்கிப் பிடித்து, வலது கையில் துப்பாக்கியைத் தரை பார்க்க வைத்துக்கொண்டு, இரண்டு நாள் வீடெல்லாம் நடந்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணி. பரீட்சை வைக்க வந்த போலீஸ்காரர் கோய், சர்ச் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, மெயினை அணைத்திருந்தார். நிஜத் துப்பாக்கிகளை வாங்கித் தன் வண்டியில் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுத்தார்.

"என் ஆள் ஒருத்தன் முகமூடியோட உள்ள ஒளிஞ்சிருப்பான். பின்வாசல் வழியா வரச் சொல்லிட்டேன். பக்கத்து ஊர்க்காரன், உங்க யாருக்கும் தெரியாது. அவன் திருடனா, பைப் ரிப்பேருக்கு வந்தவனான்னு பார்த்துட்டு அப்புறம் முடிவெடுங்க. யார் முதல்ல?"

"சிஸ்டர்தான்!" என்று ஆண்கள் ஒரே குரலில் வழிவிட்டார்கள்.

இருட்டு நடையில் அடிமேல் அடி வைத்துப் போனாள். பாடகர் அறையில் ஏதோ உரசும் சத்தம். பொத்தானை அமுக்கினாள். முகமூடிக்காரன் ஒருவன், ஒரு கையில் கிட்டார், மறு கையில் நாலு மைக்.

"கீழ வை!" ஐந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரல் அது.

"மேடம், சுட்டுடாதீங்க! நான் போயிடுறேன்!"

"நீ போயிட்டா என் மார்க் என்னாவறது? முட்டி போடு."

"மார்க்கா?"

"கேள்வி கேக்காத. கை தலையில!"

அவன் விம்மினான்.

"அழுகை நல்லா வருது. ஆனா கொஞ்சம் ஓவர்."

அவனை முன்னால் நடக்கவிட்டு, டார்ச்சை அவன் பிடரியிலிருந்து எடுக்காமல் வெயிலுக்குக் கொண்டுவந்து, வாசல் புல்லில் முட்டி போட வைத்தாள். கோய் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம்.

"பதினோரு வருஷமா பரீட்சை வைக்கிறேன். எல்லாரும் உள்ளயே 'டுமீல்'னு சொல்லிச் சுட்டுட்டு வருவாங்க. ஆளை நடத்தியே கூட்டிட்டு வந்தது நீங்கதான்." தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஆண்கள் கை தட்டினார்கள். ஹாய்ட் தொப்பியைக் கழற்றினார்.

"வடக்கு வாசல் உங்களுது, சிஸ்டர்."

ஒர்லீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புல்லில் முட்டி போட்டிருந்தவனின் முதுகைத் தட்டினாள். "பாவம், எழுந்திருப்பா. காபி போட்டுத் தரேன்."

அவன் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. உடம்பெல்லாம் பஞ்சு வைத்த உடுப்போடு ஒருவன் குதித்து இறங்கினான். அக்குளில் ஹெல்மெட், கையில் முகமூடி.

"மன்னிச்சிடுங்க கோய், வழியில டயர் வெடிச்சிடுச்சு. நான் எந்த ரூம்ல போய் ஒளியணும்?"